பிடி என்றால் விடு

மகனே,

நீ நலமாகத்தான் இருப்பாய். அளந்து சாப்பிடுகிறாய், நேரத்துக்குத் தூங்குகிறாய், சுண்டுவிரலில் சுளுக்கு என்றால்கூட அதைத் தடவிவிட உனக்கு ஒரு ஆள் இருக்கிறார். அதனால் நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நலமில்லாமல் இருப்பது நான். நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, கம்பெனியில் வேலை ஓடவில்லை, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன். உன் அப்பா என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், கேட்காமலே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத அதிசயம் அது. அதைக்கூட ரசிக்க முடியாத கோபத்தில் இருக்கிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ பேசப்போகிற வீடியோவை ஊரே பார்க்கப்போகிறது. ஊர் பார்க்கிற இடத்தில் நீ என்னைப் பற்றிப் பேசினால், என் பதிலும் ஊர் பார்க்கிற இடத்தில்தான் இருக்கவேண்டும். "உன்னப் பத்தி நான் ஒண்ணுமே பேசலியேம்மா" என்பாய். பேசப்போகிறாய். எப்படி என்று சொல்கிறேன், பொறு. ஓசூரில் சின்னதாகப் பத்திரிகை நடத்துகிற ஒருவர், எழுதிக் கொடுங்கள் அம்மா, போடுகிறேன் என்றார். அவர் எதையும் வெட்டக்கூடாது என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ எம்.எம்.ஏ. சண்டைக்காரன். குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப்பிடி எல்லாம் கலந்த சண்டை. கம்பிவலை போட்ட கூண்டுக்குள் நடப்பது. டிப்ளமோ முடித்து, சிப்காட்டில் டிரெயினியாகச் சேர்ந்து, ஷிப்ட் முடிந்ததும் பாகலூர் சாலையில் டயர் கடைக்கு மேலே இருந்த ஜிம்முக்குப் போக ஆரம்பித்தாய். உடம்பை ஏற்றத்தான் போகிறாய் என்று இருந்தேன். ஒருநாள் காது வீங்கி, பணியாரம் மாதிரி வந்து நின்றாய்.

"என்னாடா காது இது?"

"தரையில மல்லுக்கட்டுறப்ப நசுங்கிடுச்சிம்மா. இப்டி ஆனாத்தான் அவன் சண்டைக்காரன்னு அர்த்தம்."

"அப்ப காது நல்லா இருக்கிறவங்கள்லாம் யாரு, கோழைங்களா?"

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு உன்னோடு போட்ட சண்டையில் நான் தோற்றேன். நீ வேலையை விட்டுவிட்டு, தினமும் பஸ் ஏறி பெங்களூர் ஜிம்முக்குப் போக ஆரம்பித்தாய், பிறகு அங்கேயே தங்கிக்கொண்டாய். உன் கோச் கன்னடக்காரர். நல்ல மனிதர். நீ பட்டினி கிடந்து எடை குறைக்கிற நாட்களில் எனக்குப் போன் போட்டு, அழாதீர்கள் அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். பிறகு நானும் கற்றுக்கொண்டேன். எது குத்து, எது வெறும் வீச்சு, எந்தப் பிடியில் மூச்சு போகும், எந்தப் பிடியில் எலும்பு போகும் என்று எனக்குத் தெரியும். தோற்றதை ஒப்புக்கொள்கிறவன் கையால் தட்டவேண்டும் என்பதும், தட்டக்கூட முடியாதவனை நடுவர்தான் பார்த்துக் காப்பாற்றவேண்டும் என்பதும் தெரியும். விருப்பம் வந்து கற்றுக்கொண்டேன் என்று நினைக்காதே. பயத்தில் கற்றுக்கொண்டதுதான்.

போன மாதம் உன் அப்பா போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். 'இந்தியாவின் தலைசிறந்த எம்.எம்.ஏ. வீரர்கள்' என்று ஒரு பட்டியல். அதில் இருக்கிறவர்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்து, ஒவ்வொருவரின் சண்டையையும் தேடிப் பார்த்தேன். வடக்கே மல்யுத்த ஊரில் பிறந்து, ஆண்பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு வளர்ந்த ஒரு பெண். அவள் எதிராளியைத் தூக்கிப் போட்டபோது எங்கள் மேசையே கைதட்டியது. வடகிழக்கு மலையிலிருந்து வந்த ஒரு பையன், ஐந்தடிதான் இருப்பான், அவன் கால் எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்கே தெரியவில்லை. எல்லோரும் பெரியவர்கள்தான். பார்க்க ஆள் இல்லாத விளையாட்டில், சொந்தக்காரர்களின் ஏச்சைக் கேட்டுக்கொண்டே நாட்டுக்காக நின்றவர்கள். அந்தப் பட்டியலுக்குத் தலைவணங்குகிறேன், கடைசிப் பெயர் வரைக்கும்.

கடைசிப் பெயரில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னைச் சாய்த்தானே, கோலார்ப் பையன், அவன். அவன் பட்டியலில் இருப்பது எனக்குப் பொறாமை இல்லை, திறமைக்காரன்தான். ஆனால் அவனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "கழுத்துப்பிடியிலிருந்து அசாத்தியமாகத் தப்பி, எதிராளியை ஒரே உதையில் வீழ்த்தியவர்." தப்பினானாம்! எங்கே தப்பினான்? நீ விட்டாய். உன் கையை நீயாக எடுத்தாய். அந்த அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். உன் பெயர்கூட அதில் இல்லை, வெறும் 'எதிராளி'. யார் எத்தனை பேரைச் சாய்த்தார்கள் என்று எண்ணுகிறவர்களுக்கு, யார் யாரை எப்போது விட்டார்கள் என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. அன்றைக்கு முழுக்க அந்தப் பட்டியல் எழுதியவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவரைத் திட்டியது வீண் என்று இப்போது தோன்றுகிறது. அவராவது உன்னைத் தெரியாதவர். உன்னைத் தெரிந்தவன் நீ இருக்கிறாயே, நீ என்ன செய்யப் போகிறாய்?

அந்தக் கூலிங்கிளாஸ்காரர் நம் வீட்டுக்கு வந்தாரே, உனக்கும் அவனுக்கும் இரண்டாவது சண்டையை ஏற்பாடு செய்கிறவர், அன்றே எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக்குள்ளேயும் கண்ணாடியைக் கழற்றவில்லை. நான் வைத்த களியையும் கீரைக்குழம்பையும் போட்டோ எடுத்தார், சாப்பிடவில்லை. "சூப்பர் மேடம், ரொம்ப ரூட்டடா இருக்கு. உங்க மதர் டங் தமிழ்தானே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டார். போஸ்டரைக் காட்டினார். இந்தப் பக்கம் ஒரு மாநிலத்தின் படம், அதில் புலி என்று நீ; அந்தப் பக்கம் ஒரு மாநிலத்தின் படம், அதில் சிங்கம் என்று அவன்; நடுவில் கூண்டு. மேலே 'எல்லைப் போர்' என்று தீப்பிடித்து எரிகிற எழுத்து. எல்லையில் குடியிருக்கிறவர்கள் நாம். அவர் எங்கேயோ கடற்கரைப் பக்கம் பத்தாவது மாடியில் இருக்கிறார். போர் வந்தால் அவர் வீட்டுக் கண்ணாடியா உடையும்?

அவர் எழுதிக் கொடுத்த வரியைத்தான் நேற்று நீ எனக்குப் போனில் பேசிக் காட்டினாய். சரியாக வருகிறதா பார் என்று என்னிடமே கேட்டாய். "விடுறது அவங்க பாஷை. புடிக்கிறது என் பாஷை. இந்த வாட்டி புடிச்சா விடமாட்டேன்." ஞாயிற்றுக்கிழமை கேமரா முன்னால் இதைச் சொல்லவேண்டும், சொன்னால் டிக்கெட் தானாகப் போகும், ஜெயித்தால் அடுத்த பட்டியலில் நீ இருப்பாய் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றாய்.

"அம்மா, இது வெறும் ப்ரொமோ. எல்லாருமே இப்டித்தான் பேசுறாங்க. கேமரா போனதும் கட்டிப்புடிச்சிக்குவாங்க."

"இது பொய்யின்னு உனக்கே தெரியுதில்ல?"

"என்னாம்மா பொய்யி? அன்னிக்கி நீ புடின்னுதான கத்துன? அந்தக் கன்னடம் என் காதுல ஊறிப்போனதாலதான விடுன்னு தப்பா கேட்டுச்சு? அதாலதான் தோத்தேன். நான் சொல்றது உண்மதாம்மா."

இந்த ஒரு பேச்சுக்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ சின்னவனாக இருக்கும்போது பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினோம். தண்ணீர்த் தகராறு என்று அன்றைக்கு எல்லைக்கு முன்னாலேயே அத்திப்பள்ளியோடு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கம்பெனிக்குப் போகிறவர்கள், கீரை விற்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் வெயிலில் ரோட்டோடு நடந்தோம். வழியில் நின்ற நாலு பேர் யார் நீங்கள் என்று அதட்டினார்கள். நான் கன்னடத்தில் பதில் சொன்னேன், வழிவிட்டார்கள். எல்லையைக் கடந்து சூசூவாடி தாண்டியதும் வேறு நாலு பேர் அதே கேள்வியை அதே முகத்தோடு கேட்டார்கள். நான் தமிழில் பதில் சொன்னேன், அவர்களும் வழிவிட்டார்கள். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, நாம எந்தப் பக்கம்?" என்று கேட்டாய். "வூட்டுப் பக்கம்டா, நட," என்றேன். இப்போது வளர்ந்து, முதுகு விரிந்து, அந்த ரோட்டில் நின்று அதட்டுகிறவர்களோடு சேர்ந்து நிற்கத் தயாராகிவிட்டாய். அதுவும் டிக்கெட் விற்பதற்காக.

நான் அஞ்செட்டிக்காரி. எங்கள் வீட்டில் பேசியது கன்னடம். பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ். ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர்களோடு தெலுங்கு. இதில் எது எங்கே முடிகிறது என்று நாங்கள் கவனித்ததே இல்லை. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு சிங்காரப்பேட்டைக்குப் போன பிறகுதான் என் வாயில் ஏதோ குறை இருக்கிறது என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது. நான் 'ழ' சொல்வதைக் கேட்க வாசலில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். 'வாழைப்பழம் சொல்லு' என்பார்கள். விளையாட்டுத்தான் என்பார்கள். விளையாடப்படுகிறவளுக்கும் அது விளையாட்டா என்று யாரும் கேட்கவில்லை. நீ வயிற்றில் இருந்தபோது, பிள்ளைக்கு ஒரே பாஷையாக வரட்டும், குழப்ப வேண்டாம் என்றார்கள். அதிலிருந்து வீட்டில் கன்னடம் பேசுவதை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றா சொன்னேன்? வாயால் நிறுத்தினேன். அடுப்பில் கை சுட்டால், படியில் கால் தடுக்கினால், யாராவது செத்த சேதி வந்தால், எனக்கு வருவது கன்னடம்தான். நீ பிறந்த அன்று நான் போட்ட கூச்சலெல்லாம் கன்னடம். நர்ஸ் வெளியே வந்து, "இந்தம்மா என்னாமோ கேக்குது, ஒண்ணும் புரியல, யாருனா வந்து சொல்லுங்க" என்று கூப்பிட்டாராம். உன் அப்பா இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை விசேஷங்களில் சிரித்திருக்கிறார். நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறாய். சிரித்ததோடு விட்டுவிட்டாய், யோசிக்கவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பெங்களூர் அரங்கம். சண்டைக்காரர்களின் வீட்டு ஆட்களுக்கு என்று கூண்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். உன் அப்பா பார்க்கமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். என் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, கையில் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தார். கோலார்ப் பையனின் அம்மா. நான் மரியாதைக்குக் கன்னடத்தில், ஊட்டா ஆய்த்தா என்று சாப்பாடு விசாரித்தேன். அவரும் கன்னடத்தில் பதில் சொன்னார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கன்னடத்தில் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தோம். மணி அடித்து நீங்கள் இரண்டு பேரும் மோதிய நிமிஷம் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, எம்புள்ளைய நீதாம்பா பாத்துக்கணும்" என்றார். நல்ல தமிழில். திரும்பிப் பார்த்தேன். கோலாரில் நான்கு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பமாம். உன் 'எல்லைப் போர்' போஸ்டரில் அந்தப் பக்கம் நிற்கிற சிங்கத்துக்கு வீட்டுப் பேச்சு தமிழ். இந்தப் பக்கம் நிற்கிற புலிக்கு அம்மா கன்னடத்துக்காரி. கூலிங்கிளாஸ்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். தெரிந்தால் போஸ்டர் அடிக்க முடியாது, அதனால் கேட்கமாட்டார்.

இரண்டாவது சுற்றில் அவன் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டினாய். சரியான பிடி. கோச் துள்ளிக் குதித்தார். நீங்கள் இரண்டு பேரும் சரிந்து விழுந்தது எங்கள் பக்கத்துக் கம்பிவலை மேல். நடுவர் அந்தப் பக்கம் நின்றார். அவருக்குத் தெரிந்தது உன் முதுகுதான். எங்களுக்குத் தெரிந்தது அவன் முகம். கண் மேலே போய்விட்டது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினான், பாதி வழியில் கை விழுந்துவிட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ எம்புள்ள, எம்புள்ள" என்றார். எலுமிச்சம்பழம் உருண்டு போனது. அப்போதுதான் நான் கத்தினேன். கத்தினேன், நீ கேட்டாய், கையை எடுத்தாய், எழுந்து நின்றாய். அவன் இருமிக்கொண்டே எழுந்தான். நடுவர் நிறுத்தவே இல்லை, தொடருங்கள் என்று கை காட்டினார். நீ என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். உதை அப்போதுதான் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அந்த வீடியோ துண்டு ஊரெல்லாம் சுற்றியது. அம்மா 'பிடி' என்று தமிழில் கத்தினாளாம். பையன் அதைக் கன்னடத்தில் 'பிடி', அதாவது விட்டுவிடுங்கள், என்று கேட்டு விட்டுவிட்டானாம். எழுத்தில் இரண்டும் ஒன்றுதானே. சிரிக்கிற பொம்மைகளைப் போட்டுப் போட்டு அனுப்பினார்கள். கம்பெனியில் என் லைனில் ஒயர் கட்டுகிற பெண்கள்கூட அதைக் காட்டி, பாவம் அக்கா நீங்க என்றார்கள். உன் அப்பாவும் அப்படித்தான் நம்பினார். தலையில் தையலோடு படுத்திருந்த நீ அந்த வீடியோவைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாய். சிரிக்கட்டும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நீ அதையே உண்மையாக வைத்துக்கொண்டு, ஒரு பாஷையின் மேல் பழியைப் போட்டு, அதைக் கேமரா முன்னால் கக்குவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது கேள். நன்றாகக் கேள், அந்த நசுங்கின காதால் கேள். நம் வீட்டில் யாராவது என்றைக்காவது 'பிடி' என்று பேசிக் கேட்டிருக்கிறாயா? பஸ்ஸில் கம்பியைப் புடி. பால் பாத்திரத்தைப் புடி. ஓடுற நாயைப் புடி. 'புடி'தான் நம் வாயில் வருவது. 'பிடி' என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது, அதை எந்தத் தாயும் உயிர் போகிற நேரத்தில் கத்தமாட்டாள். நான் கத்தியது 'பிடி'. 'பஸ்' என்கிறோமே, அந்த 'ப' போட்டு. கன்னடத்துப் பிடி. நீ தப்பாகக் கேட்கவில்லை. நான் சொன்னதைத்தான் கேட்டாய்.

இன்னும் ஒன்று. உன்னைப் பார்த்துக் கத்தியிருந்தால் 'பிடு' என்றிருப்பேன். பெற்ற பிள்ளைக்கு யார் மரியாதை போடுவார்கள்? 'பிடி' என்று மரியாதையோடு சொன்னது அந்த நடுவருக்கு. "பிடி சார், சாக்கு, பிடி" என்றேன். போதும் ஐயா, விடச் சொல்லுங்கள் என்று அர்த்தம். அந்த வேலையைச் செய்யவேண்டியவர் அவர். அவர் காதில் விழவில்லை. உன் காதில் விழுந்தது. நடுவர் செய்யவேண்டியதை நீ செய்தாய். இதற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. நாளைக்கு அதே நாற்காலியில் உட்காரவைத்தாலும் அதையேதான் கத்துவேன். உன் கழுத்து அவன் கையில் இருந்திருந்தால் அந்த அம்மாவும் கத்தியிருப்பார், தமிழில்.

ஆமாம், விடுவது என் பாஷைதான். அதை நீ கேவலமாகச் சொல்லப்போகிறாய், நான் பெருமையாகச் சொல்கிறேன். அது உன் பாஷையும்தான். ஆஸ்பத்திரியில் உனக்கு நினைவு திரும்பியபோது உன் பக்கத்தில் நான்தான் இருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து முதல் வார்த்தை என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. "அம்மா, ஏனாய்த்தம்மா?" என்றாய். என்ன ஆச்சு அம்மா என்று, கன்னடத்தில். நான் உனக்குச் சொல்லியே கொடுக்காத பாஷையில். கோச்சிடம் கற்றாயோ, நான் அடுப்பில் கை சுட்டுக்கொண்டபோதெல்லாம் கேட்டுக் கேட்டு வந்ததோ, எனக்குத் தெரியாது. தலை கலங்கிக் கிடந்தபோது உன் வாய்க்கு எட்டியது அதுதான். டாக்டர் வெளியூர்க்காரர், என்ன சொல்கிறான் என்று கேட்டார். நல்லா இருக்கான் சார் என்றேன்.

உன் அப்பாவிடம் இதையெல்லாம் நேற்று சொன்னேன். "சினிமா மாதிரி ஏதோ பேசிட்டுப் போறான், விடு" என்றார். எல்லாவற்றுக்கும் அவருக்கு விடுதான். "வாழைப்பழம் சொல்லச் சொன்னப்பவும் இதத்தான் சொன்னீங்க" என்றேன். எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். அந்தக் காபி அப்போது போட்டதுதான்.

சண்டை போடாதே என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. போடு. ஜெயித்து வா. அந்தப் பட்டியலில் உன் பெயர் வரவேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை இருக்கிறது; கேன்டீனில் எல்லோருக்கும் காட்டவேண்டும். வாய்ச்சவடால் விடவேண்டும் என்றால் தாராளமாக விடு. அவன் உதையைக் கிண்டல் பண்ணு, அவன் முடி வெட்டைக் கிண்டல் பண்ணு, அது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்த வரியை மட்டும் பேசாதே. பேசினால்தான் மேடை என்று கூலிங்கிளாஸ்காரர் சொன்னால், அவரிடம் நீ சொல்லவேண்டிய பதில் மூன்றே வார்த்தை: எங்கம்மா கன்னடத்துக்காரி, சார். கண்ணாடியைக் கழற்றுகிறாரா இல்லையா பார். இத்தனை வருஷத்தில் இந்த மூன்று வார்த்தையை நீ யாரிடமும் சொன்னதில்லை. சிங்காரப்பேட்டையில் பயந்துகொண்டு நான் வாயை மூடியதற்கு ஒரு அர்த்தம் இருந்தது, எனக்குப் போக வேறு இடம் இல்லை. கூண்டுக்குள் அத்தனை பெரிய ஆளோடு மோதுகிற உனக்கு என்ன பயம்?

கோலார்ப் பையனின் அம்மாவிடம் பேசிவிட்டேன். அவர்கள் வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு வரி எழுதிப் போயிருக்கிறதாம். "எம்புள்ள அதப் பேசுனான்னா வூட்டுப் படி ஏற வேணாம்னுட்டேன்" என்றார். உனக்கு நான் அப்படிச் சொல்லமாட்டேன். படி உனக்கு எப்போதும் திறந்துதான் இருக்கும். நீ அதைப் பேசினாலும் சண்டைக்கு வருவேன், அந்த அம்மா பக்கத்தில் அதே மாதிரி உட்காருவேன். ஆனால் வாயைத் திறக்கமாட்டேன். நீ கீழே விழுந்து கழுத்து அவன் கையில் சிக்கினாலும் என்னிடமிருந்து ஒரு சத்தம் வராது. எந்தப் பாஷையில் கத்தினாலும் நீ அதை மேடையில் விற்றுவிடுவாய் என்றால், நான் எதற்குக் கத்தவேண்டும்?

அந்த வரியைப் பேசாமல் வந்தாய் என்றால், என் குரல் உனக்கு இருக்கிறது. அவன் கழுத்தில் உன் கை சரியாக விழுந்தால், அரங்கத்தில் முதலில் கத்துவது நான்தான். அவன் கை தளர்ந்தாலும் முதலில் கத்துவது நான்தான். கலவரத்தில் குழம்பிவிடாதே, இப்போதே சொல்லி வைக்கிறேன். புடின்னா புடி. பிடின்னா விடு. ரெண்டும் உன் பாஷதான்டா.

உன் அம்மா